தொப்பியைத் தொட்ட கை

மார்லோ, அயோவா
ஏப்ரல் 22, 1979

அன்புள்ள ஜீன் அக்காவுக்கு,

உன் தம்பி உயிரோடதான் இருக்கேன். முட்டி ரெண்டும் அதை ஒத்துக்க மாட்டேங்குது, அவ்வளவுதான். உன் உடம்பு எப்படி இருக்கு? ஃபிளாய்டு மச்சானுக்கு மில்லுல இன்னும் ராத்திரி ஷிப்டுதானா?

சீசன் ஆரம்பிச்சாச்சு. இங்க இன்னும் குளிர் விடல. முதல் ஆட்டத்துக்கு வந்த கூட்டத்தைவிட ஹாட் டாக் விக்கிறவங்கதான் அதிகம். பஸ்ஸும் போன வருஷத்துப் பஸ்தான், ஹீட்டர் கிடையாது, பின் சீட்டுல ஒழுகுது. அதை ஓட்டறதும் கிளீட்டஸ்தான், பசங்க கணுக்காலுக்குக் கட்டுப் போடறதும் கிளீட்டஸ்தான். பேஸ்பால் மைனர் லீக்ல கீழ்ப்படின்னா அப்படித்தான். நான் மட்டும் என்னவாம்? மேனேஜர்னு பேரு, பசங்க வாயில ஸ்கிப்பர். மூணாவது பேஸ் பக்கத்துல நின்னு சைகை காட்டறதும் நான், அழுக்குச் சட்டையை எண்ணி லாண்டரிக்குப் போடறதும் நான், வீட்டு நினைப்பு வந்து அழறவனுக்கு அப்பனும் நான்.

மார்ச் மாசம் ஃபுளோரிடா கேம்ப்ல வழக்கம்போல ஒரு கும்பலை வீட்டுக்கு அனுப்பினேன். "கதவைச் சாத்திட்டு உட்காரு"ன்னு சொன்ன உடனேயே அவனுங்களுக்குத் தெரிஞ்சிடுது. ஒருத்தன் மட்டும் "என்ன தப்பு பண்ணேன்?"னு கேட்டான். தப்பெல்லாம் ஒண்ணும் பண்ணல, வளைஞ்சு வர பந்தை அவனால அடிக்க முடியல, வேற என்ன. இந்த வேலை எனக்குச் சலிச்சுப் போச்சு ஜீன்.

விஷயத்துக்கு வரேன். மேலே மேஜர் லீக் கிளப்ல எங்க மாதிரி கீழ் டீம்களை எல்லாம் பாத்துக்கிற ஸ்டாக்டன் இருக்காரே, அவர் என்னைத் தனியா கூப்பிட்டுப் பேசினாரு. "வெண்டெல், இந்த வருஷத்தை வம்பில்லாம முடிச்சுக் குடு. அடுத்த வருஷம் உன்னை மேலே எடுத்துக்கறேன், புல்பென் கோச்சா." புல்பென்னா மைதானத்து ஓரத்துல, பந்து வீசற பிட்சருங்க உள்ள இறங்கறதுக்கு முன்னாடி தோளைப் பழக்கிக்கிற இடம்னு மச்சானுக்குச் சொல்லு. அவருக்கு மல்யுத்தம் தவிர வேற தெரியாது.

கேட்சரா ஆடின காலத்துல நான் மேலே இருந்தது ஒரே ஒரு செப்டம்பர் மாசம். அதுலயும் முக்கால்வாசி நாள் அந்தப் புல்பென்ல குத்த வச்சு உக்காந்து அடுத்தவன் பந்தைப் பிடிச்சுக்கிட்டிருந்தேன். அதுக்கப்புறம் இன்னிக்கு வரைக்கும் இந்த பஸ்தான். எனக்கு அந்த மைதானத்துல இன்னொரு தடவை யூனிபார்மோட நிக்கணும். வேற ஒண்ணும் வேண்டாம். யார்கிட்டயும் சொல்லிக்காதே, வாய் தவறிப் போனா கை தவறிப் போயிடும்.

உன் பிரியமான தம்பி,
வெண்டெல்


சலைனா, கான்சாஸ்
மே 6, 1979

என் தம்பி வெண்டெலுக்கு,

இங்க நாங்க நடமாடிக்கிட்டிருக்கோம். அதாவது நான் நடமாடறேன், உன் மச்சான் டிவி முன்னாடி உக்காந்திருக்காரு. உன் முட்டிக்கு அந்தப் பச்சைத் தைலம் அனுப்பியிருக்கேன். நாத்தம் தாங்காது, ஆனா கேக்கும்.

மில்லு ஷிப்டு பத்திக் கேட்டிருக்கே. ஏண்டா, மில்லுலேர்ந்து மச்சானைப் பிப்ரவரியிலயே அனுப்பிட்டாங்கன்னு நான்தானே போன்ல சொன்னேன்? நீகூட அரைமணி நேரம் அவருகிட்ட ஆறுதலாப் பேசினியே. பஸ்ல தூக்கக் கலக்கத்துல எழுதினியோ என்னவோ. மச்சான் அதைப் படிச்சுட்டு எழுந்து போய் டிவியைப் போட்டாரு. நானும் பேச்சை மாத்திட்டேன்.

மேலே போற விஷயம் கேட்டு எனக்கு அழுகை வந்துடுச்சு, பொய் சொல்ல மாட்டேன். நான் யார்கிட்ட சொல்லப் போறேன்? பள்ளிக்கூடத்து சமையலறையில மத்தியானம் வரைக்கும் உருளைக்கிழங்கு மசிக்கிறேன், அதுக்கிட்ட சொன்னா உண்டு. உன் வயசுல மத்தவன் பென்ஷன் பேசறான், நீ பிரமோஷன் பேசறே. கிடைக்கட்டும்டா. உனக்கு வர வேண்டியது எப்பவோ வந்திருக்கணும்.

ஜூன்ல பள்ளிக்கூடம் மூடினதும் ரெண்டு நாள் வரேன். மச்சான் வரமாட்டாராம். அடுப்பைப் பத்த வைக்கக்கூடத் தெரியாத ஆளைத் தனியா விட்டுட்டு வரேன், வீடு இருக்கணும் திரும்பி வரும்போது.

உன் அக்கா,
இமோஜீன்


மார்லோ, அயோவா
மே 27, 1979

அன்புள்ள அக்காவுக்கு,

தைலம் வந்தது. பஸ்ல தடவினேன், ஜன்னலைத் திறந்து வச்சுக்கிட்டே போனாங்க எல்லாரும். முட்டி பரவாயில்ல. உனக்கும் மச்சானுக்கும் உடம்பு நல்லா இருக்கணும்.

மில்லு விஷயம் எனக்குத் தெரியும்க்கா. கை தன்பாட்டுல எழுதிடுச்சு. மச்சான்கிட்ட மன்னிச்சுக்கச் சொல்லு.

டீம் ரெண்டாவது இடத்துல இருக்கு. நம்பவே முடியல. ரெண்டு பசங்களைப் பத்திச் சொல்றேன், வந்தா பாப்பே. ஒருத்தன் ரஃபேல் குவெரோ, வெனிசுவேலாக்காரன். ஓடினா கால் தரையில படறது தெரியாது. மேலிடம் அவன்மேல கண்ணை வச்சிருக்கு, அவனுக்குத் தும்மல் வந்தாகூட ஸ்டாக்டன் போன் பண்ணுவாரு. இன்னொருத்தன் எமெட் சல்லி, டென்னசியிலேர்ந்து வந்தவன், இருபத்திமூணு வயசு. அவனை யாரும் கண்டுக்கிறதில்ல. பெருசா அடிக்க மாட்டான், வேகமும் கிடையாது. ஆனா சொன்னதைச் செய்வான். மட்டையைத் தூக்கிக்கிட்டு வந்து நின்னா என் கையைத் தவிர வேற எதையும் பாக்க மாட்டான். நான் கேட்சரா இருந்தப்போ என்னையும் இப்படித்தான் யாரும் கண்டுக்கல, அதனால அவன் மேல எனக்குக் கொஞ்சம் பிரியம்.

சைகையெல்லாம் வருஷா வருஷம் மாத்தணும், இல்லேன்னா எதிராளி கண்டுபிடிச்சுடுவான். இந்த வருஷத்துச் சைகையை நீ வந்ததும் காலையில சாப்பிடும்போது காட்டறேன். டெக்சஸ்ல நான் ஆடினப்போ ஸ்டேண்டுல உக்காந்துக்கிட்டு எங்க மேனேஜர் கையைப் படிச்சுப் பக்கத்துல இருக்கிறவங்ககிட்ட பந்தயம் கட்டுவியே, அந்தப் புத்தி போயிருக்காது உனக்கு.

கிளீட்டஸ் என் ஆஸ்பிரின் பாட்டிலை ஒளிச்சு வைக்கிறான். அதிகமாத் தின்னறேனாம். வருஷக்கணக்கா கேட்சர் முகமூடி மேல பந்து பந்தா வாங்கின தலை, லேசா வலிக்காம என்ன பண்ணும்?

வா, இறைச்சி நல்லாப் பண்ற சாப்பாட்டுக் கடை ஒண்ணு இருக்கு, கூட்டிட்டுப் போறேன்.

தம்பி,
வெண்டெல்


சலைனா
ஜூன் 20, 1979

என் தம்பிக்கு,

பத்திரமா வந்து சேர்ந்தேன். வீடு இருக்கு. ஒரு வாணலி மட்டும் போச்சு, மச்சான் முட்டை பொரிச்சாராம். நீ நல்லா இருக்கியா? சாப்பிடறியா?

ரெண்டு நாளும் என்னை நல்லாப் பாத்துக்கிட்டே. அந்தச் சாப்பாட்டுக் கடை ரொம்ப ஒசத்தி, எனக்கு மிச்சம் கட்டிக் குடுத்ததை பஸ்ல தின்னுக்கிட்டே வந்தேன். ஓமாஹாவுல பஸ் மாறும்போது என் பக்கத்துல ஒரு அம்மா கூண்டுக்குள்ள கோழியோட வந்து உக்காந்தா. கோழி ஊர் வர வரைக்கும் வாயை மூடல, அவளும் மூடல. தோட்டத்துல தக்காளிச் செடிக்குப் புழு வந்திருக்கு.

குவெரோ பையன் தாடை எப்படி இருக்கு? அவன் சுருண்டு விழுந்தது இன்னும் கண்ணு முன்னாடி நிக்குது. மச்சான் என்ன ஆச்சு ஏதாச்சுன்னு கேட்டாரு. எனக்குச் சரியா சொல்ல வரல. நீயே அவருக்குப் புரியற மாதிரி எழுதேன்.

டாக்டர்கிட்ட ஒரு தடவை போயேண்டா, தலைவலிக்கு. கிளீட்டஸ் நல்ல மனுஷன். என்னை பஸ் ஸ்டாண்டுல விட வந்தப்போ ஏதோ சொல்ல வாயெடுத்தான், அப்புறம் பெட்டியைத் தூக்கி வச்சுட்டுப் போயிட்டான்.

அக்கா,
இமோஜீன்


மார்லோ
ஜூன் 30, 1979

அன்புள்ள அக்கா,

எனக்கு ஒண்ணுமில்ல. டாக்டரும் வேண்டாம். உங்க ரெண்டு பேர் சுகத்தையும் எழுது.

குவெரோவுக்குத் தாடை ரெண்டு இடத்துல உடைஞ்சிருக்கு. கம்பி வச்சுக் கட்டியிருக்காங்க, உறிஞ்சு குழாயிலதான் சாப்பாடு. இந்த வருஷம் அவன் ஆட முடியாது. மேலிடத்துல கொதிச்சுப் போயிருக்காங்க.

மச்சானுக்குச் சொல்லு. குவெரோ மூணாவது பேஸ்ல நிக்கிறான், அவன் பக்கத்துல நான். அங்கேர்ந்து மட்டைக்காரன் நிக்கிற இடத்துக்கு அவன் ஓடி வந்துட்டா எங்களுக்கு ஒரு ரன், ஆட்டம் எங்களுக்கு. அதுக்கு ஒரு தந்திரம் உண்டு. பிட்சர் பந்தை வீசக் கையைத் தூக்கின உடனே இவன் கண்ணை மூடிக்கிட்டு ஓடி வரணும். மட்டை பிடிச்சிருக்கிறவன் பந்தை ஓங்கி அடிக்கவே கூடாது, மட்டையால மெள்ளத் தொட்டுத் தரையில உருட்டி விடணும். அவங்க அதைப் பொறுக்கறதுக்குள்ள இவன் வந்து சேர்ந்துடுவான். மட்டைக்காரன் மறந்து போய் ஓங்கி அடிச்சான்னு வையி, எதிர்ல ஓடி வரவன் மூஞ்சியிலதான் பந்து.

நான் குவெரோ காதுல "ஓடு"ன்னு சொன்னேன். மட்டையோட நின்ன சல்லிக்குச் சைகை காட்டினேன். பெல்ட்டைத் தொட்டா உருட்டு, தொப்பியைத் தொட்டா ஓங்கி அடி, இதுதான் இந்த வருஷத்துச் சைகை. பெல்ட்டைத்தான் தொட்டேன். அந்த முண்டம் ஓங்கி அடிச்சான்.

அப்புறம் என் ரூமுக்குக் கூப்பிட்டுக் கேட்டா, "ஸ்கிப்பர், நீங்க தொப்பியைத் தொட்டீங்க"ங்கிறான். என் மூஞ்சியைப் பாத்துச் சொல்றான். வெளியில வந்து எல்லார் முன்னாடியும் அவனைப் பொய்யன்னு சொல்லிட்டேன். சொன்னதைச் செய்யறவன்னு நம்பினேன் பாரு. இப்போ பெஞ்சுல உக்கார வச்சிருக்கேன். நல்ல வேளை, நீ பாத்துக்கிட்டிருந்தே. நான் பெல்ட்டைத் தொட்டதுக்கு ஒரு சாட்சி இருக்கு.

தம்பி,
வெண்டெல்


சலைனா
ஜூலை 9, 1979

என் தம்பிக்கு,

நலமா இருக்கணும் நீ. இங்க வெயில் மண்டையைப் பிளக்குது, மச்சானுக்கு முதுகு பிடிச்சுக்கிச்சு.

நீ எழுதினதை அவருக்குப் படிச்சுக் காட்டினேன். அவருக்குப் புரிஞ்சுது.

அந்தப் பையனை ரொம்ப வையாதேடா. வெயில் எதிர்ல அடிச்சுது. தூரத்துலேர்ந்து எது எப்படித் தெரிஞ்சுதோ. அவன் பொய் சொல்ற மூஞ்சியா எனக்குத் தெரியல. எனக்குக் காபி வாங்கிக் குடுத்தானே, அந்தப் பையன்தானே? மறுபடி ஆட விடேன்.

நீயும் களைச்சுப் போயிருக்கே வெண்டெல். அன்னிக்குக் காலையில டோஸ்டைக் கையில வச்சுக்கிட்டு எங்க வச்சேன்னு தேடினே. நான் சிரிச்சேன், நீயும் சிரிச்சே. ஒரு வாரம் லீவு கேளேன், தப்பா?

சொல்ல நிறைய இருக்கு, தக்காளி பறிக்கணும், அடுத்த தடவை எழுதறேன்.

அக்கா,
இமோஜீன்


மார்லோ
ஜூலை 23, 1979

அன்புள்ள அக்கா,

மச்சான் முதுகு தேவலையா? நான் இருக்கேன். டீம் முதல் இடத்துக்கு வந்தாச்சு. சந்தோஷமா எழுதணும், வர மாட்டேங்குது.

ஸ்டாக்டன் போன் பண்ணாரு. "சைகை பாக்கத் தெரியாதவன் நம்ம கிளப்புக்கு எதுக்கு? அவனால நமக்கு எவ்வளவு பெரிய நஷ்டம் தெரியுமா? அனுப்பிடு." சல்லியைத்தான் சொன்னாரு. பெஞ்சுல உக்கார வச்சதோட போகட்டும்னுதான் நான் நினைச்சேன். அதைச் சொல்லவும் செஞ்சேன். "உன் ரிப்போர்ட்ல நீதானே எழுதியிருக்கே, சைகையைக் கோட்டை விட்டான்னு?"ங்கிறாரு. எழுதினேன்தான்.

கூப்பிட்டு, கதவைச் சாத்திட்டு உட்காருன்னேன். உக்காரல. தொப்பியைக் கழட்டிக் கையில வச்சுக்கிட்டு நின்னான். சொல்லி முடிச்சதும், "வேற கிளப்ல யாராவது எடுப்பாங்களா ஸ்கிப்பர்?"னான். சைகை தெரியாதவன்னு பேரு வாங்கினவனை யாரு எடுப்பா? தெரியலப்பான்னேன். "உங்ககிட்ட நிறைய கத்துக்கிட்டேன், தேங்க்ஸ்"னு கை குடுத்தான். சண்டை போட்டிருந்தா எனக்குத் தேவலையா இருந்திருக்கும். அவங்க அண்ணன் தச்சு வேலை பாக்கறானாம், அதுக்குப் போறேன்னான்.

அப்புறம் ஸ்டாக்டன் சொன்னாரு, என் வேலை கிட்டத்தட்ட உறுதியாம். செப்டம்பருக்குள்ள காகிதம் வந்துடுமாம். நான் மேலே போறேன் ஜீன். இத்தனை வருஷம் கழிச்சு. உன்கிட்ட சொன்னாலாவது சந்தோஷம் வருமான்னு பாக்கறேன்.

தம்பி,
வெண்டெல்


சலைனா
ஜூலை 28, 1979

வெண்டெல்,

உடம்பைப் பாத்துக்க. இதை உக்காந்து படி, யாரும் இல்லாத இடத்துல.

நீ தொட்டது தொப்பியை.

நான் மூணாவது வரிசையில உக்காந்திருந்தேன், எனக்கும் உனக்கும் நடுவுல ஒரு கம்பி வலைதான். காலையில நீ சொல்லிக் குடுத்தது ஞாபகம் இருந்துச்சு, பெல்ட்டுன்னா உருட்டு, தொப்பின்னா அடி. நீ குவெரோ காதுல ஏதோ சொன்னே. உருட்டத்தான் சொல்லப் போறேன்னு எனக்குத் தெரிஞ்சுடுச்சு. பெல்ட்டுக்குக் காத்துக்கிட்டிருந்தேன். நீ தொப்பி விளிம்பை ரெண்டு விரலால தொட்டே. அதுக்கப்புறம் ஒண்ணுமில்ல. பெல்ட் பக்கம் உன் கை போகவே இல்ல.

தொப்பி விளிம்பைத் தொட்டா உருட்டுங்கிறது டெக்சஸ்ல உங்க பழைய மேனேஜரோட சைகை. நான் அதை வச்சுப் பந்தயம் கட்டியிருக்கேன், எனக்கு மறக்குமா? நீ இருபத்தஞ்சு வருஷத்துக்கு முந்தின டீமுக்குச் சைகை காட்டினேடா. அந்தப் பையன் உன் கை சொன்னதைச் செஞ்சான்.

அன்னிக்கே சொல்லியிருக்கணும். வாய் வரைக்கும் வந்துச்சு. நீ மேலே போறதைப் பத்தி அந்தச் சாப்பாட்டுக் கடையில பேசினப்போ உன் மூஞ்சி இருந்த இருப்பு, எனக்கு மனசு வரல. ஒரு தடவை தவறினது, யாருக்குத் தெரியப் போகுதுன்னு என்னை நானே ஏமாத்திக்கிட்டேன். பையனை பெஞ்சுல உக்கார வச்சப்பவும் வாயை மூடிக்கிட்டிருந்தேன். இப்போ அவன் பொழப்பே போச்சு. அதுல எனக்கும் பங்கு இருக்கு, நான் தப்பிக்கப் பாக்கல.

இதுக்கு மேல என்ன பண்ணணும்னு நான் சொல்ல மாட்டேன். போன்ல சொன்னா நீ வச்சுடுவே, அதான் எழுதறேன். ஸ்டாக்டனுக்கு நான் எழுத மாட்டேன், அதுவும் உறுதி. அது உன் வேலை.

என்னைத் திட்டணும்னா திட்டு. பதில் மட்டும் போடு.

இமோஜீன்


தபால் கார்டு
வாட்டர்லூ, அயோவா
ஆகஸ்ட் 14, 1979

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. இங்கு எல்லாரும் சௌக்கியம். ரெண்டு நாளா மழை, ஆட்டம் இல்லை. மச்சானைக் கேட்டதாகச் சொல்லவும்.

வெண்டெல்


சலைனா
ஆகஸ்ட் 20, 1979

என் தம்பிக்கு,

கார்டு வந்தது. மழை பெஞ்சது தெரிஞ்சுக்கிட்டேன்.

மச்சான் "அவனை விட்டுடு ஜீன், ஆம்பளைக்கு வேலை போறது என்னன்னு உனக்குத் தெரியாது"ங்கிறாரு. பிப்ரவரிக்கு அப்புறம் அவரு பேசின நீளமான பேச்சு இதுதான். எனக்குத் தெரியும்னு சொன்னேன். நாள் முழுக்க அவரு எதிர்லதானே உக்காந்திருக்கேன்.

நான் இனிமே கேக்க மாட்டேன். தக்காளியைப் பாட்டில்ல போட்டு மூடி வச்சிருக்கேன், உனக்குத் தனியா ஒரு பெட்டி. நீ என்ன முடிவு பண்ணாலும் அந்தப் பெட்டி உனக்குத்தான்.

அக்கா


மார்லோ
செப்டம்பர் 3, 1979

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் மச்சானும் நல்லா இருக்கணும். நான் எப்படி இருக்கேன்னு இந்தத் தடவை நிஜமாவே எழுதறேன்.

உன் கடிதம் வந்த அன்னிக்கு உன்மேல அப்படி ஒரு கோவம். மூணாவது வரிசையிலேர்ந்து கிழவிக்கு என்ன தெரியும்னு வாய்விட்டுச் சொன்னேன், ரூம்ல யாருமில்ல. ரெண்டு வாரம் உன்னைப் பொய்யாக்கப் பாத்துக்கிட்டிருந்தேன். முடியல. ஏன்னா எனக்குத் தெரியலக்கா. பெல்ட்டைத் தொட்டேன்னு எனக்கு ஞாபகம் இருக்குன்னு நினைச்சேன், யோசிச்சுப் பாத்தா ஞாபகத்துல கையே இல்ல. பெல்ட்டைத் தொட்டிருக்கணும்கிறது மட்டும்தான் இருக்கு.

போன வாரம் கடைசி ஊருக்குப் போற வழியில, பசங்க எல்லாம் சாப்பிட இறங்கினப்போ, பஸ்ல நானும் கிளீட்டஸும் மட்டும் இருந்தோம். கேட்டேன். "கிளீட்டஸ், அன்னிக்கு நான் எதைத் தொட்டேன்?" அவன் ஸ்டீரிங்கைப் பிடிச்ச கையை எடுக்கல, வண்டி நின்னுக்கிட்டுதான் இருந்துச்சு. "தொப்பி. அன்னிக்கு மட்டும் இல்ல ஸ்கிப்பர்"னான்.

மே மாசத்துலேர்ந்தாம். நாலஞ்சு தடவை புரியாத சைகை காட்டியிருக்கேன். பசங்க என்னை அவமானப்படுத்தக் கூடாதுன்னு அவங்களுக்குள்ள ஒரு ஏற்பாடு பண்ணியிருக்கானுங்க. நான் காட்டறது சரியா இருந்தா கிளீட்டஸ் தண்ணி வாளி பக்கத்துல நிப்பானாம். தப்புன்னு பட்டா உக்காந்துடுவானாம், அந்தச் சைகையைக் கண்டுக்கக் கூடாதுன்னு அர்த்தம். எல்லாரும் என்னை ஒரு தடவை, அவனை ஒரு தடவை பாத்துட்டுத்தான் ஆடியிருக்கானுங்க. நாங்க முதல் இடத்துக்கு வந்ததே அப்படித்தான். நான் என்னமோ என் சாமர்த்தியம்னு நினைச்சேன். சல்லி மட்டும் ஒத்துக்கலையாம். "ஸ்கிப்பர் முதுகுக்குப் பின்னாடி நான் யாரையும் பாக்க மாட்டேன், எனக்கு அவர் கை போதும்"னு சொல்லிட்டானாம். அன்னிக்கு கிளீட்டஸ் உக்காந்தானாம். சல்லி திரும்பியே பாக்கல.

"ஏண்டா சொல்லல?"ன்னேன். "நீங்க மேலே போகப் போறீங்கன்னு எல்லாருக்கும் தெரியும். உங்களுக்குக் கிடைக்கட்டும்னுதான்"னான். நீ சொன்ன அதே வார்த்தை. இத்தனை பேரு எனக்காக வாயை மூடினதுல அந்தப் பையன் ஒருத்தன் போயிட்டான்.

சீசன் முடிஞ்ச மறுநாள் ஸ்டாக்டனுக்கு போன் பண்ணேன். மேஜை மேல வேலைக் காகிதம் இருந்துச்சு, கையெழுத்து போட வேண்டியதுதான் பாக்கி. எல்லாத்தையும் சொன்னேன். கேட்டுக்கிட்டே இருந்தாரு. "இதை என்கிட்ட சொல்லாமலே இருந்திருக்கலாம் வெண்டெல்"னாரு. ஆமான்னேன். சல்லி பேர்ல இருக்கிற கறையை எடுத்துட்டு மார்ச் கேம்ப்புக்குக் கூப்பிடறேன்னு ஒத்துக்கிட்டாரு. அவன் தேறுவானா தெரியாது, கூப்பிடுவாங்க. எனக்கு டாக்டரைப் பாருன்னாரு. எனக்கு மேலேயும் வேலை இல்ல, கீழேயும் இல்ல. முப்பத்திரண்டு வருஷம், பத்து நிமிஷத்துல முடிஞ்சுது. காகிதத்தைக் கிழிக்கல, அப்படியே உறையில போட்டுத் திருப்பி அனுப்பினேன்.

அப்புறம் டென்னசிக்கு போன் பண்ணேன். அவங்க அம்மா எடுத்தாங்க. நான் யாருன்னு சொன்னேன். அவன் இன்னும் அண்ணன்கூட வேலைக்குப் போகலையாம். ரூம்ல கண்ணாடி முன்னாடி நின்னுக்கிட்டு, என் மாதிரியே கையைத் தூக்கி, பெல்ட்டைத் தொட்டு, தொப்பியைத் தொட்டு, நாள் பூரா பாத்துக்கிட்டிருக்கானாம். பெல்ட்டைத் தொட்டது தொப்பியைத் தொட்ட மாதிரி எந்தக் கோணத்துல தெரிஞ்சிருக்கும், எங்க தப்பு பண்ணோம்னு. அந்த அம்மா அதைச் சொல்லிட்டு, "அவன்கிட்ட என்ன சொல்லி வச்சீங்க?"ன்னு கேட்டாங்க. அவனைப் போனுக்குக் கூப்பிடுங்கன்னேன்.

அவன் வந்தான். சொன்னேன். "எமெட், நீ பாத்தது சரி. நான் தொட்டது தொப்பி. தப்பு என்னுது."

அவன் நம்பல ஜீன். "இல்ல ஸ்கிப்பர், எனக்காகச் சொல்றீங்க. நீங்க தப்பாக் காட்ட மாட்டீங்க"ன்னான். திரும்பத் திரும்பச் சொன்னேன். அப்பவும் எனக்குத்தான் சமாதானம் சொல்றான். கடைசியில ஒவ்வொண்ணா சொல்ல ஆரம்பிச்சேன். மைதானத்துலேர்ந்து மோட்டலுக்கு வழி தெரியாம வண்டியை ஓரமா நிறுத்திட்டு உக்காந்திருந்தது, பிட்சருக்குப் பேரு ஞாபகம் வராம எல்லாரையும் "தம்பி"ன்னு கூப்பிட்டது, காலையில ஷூ லேஸைப் பிடிச்சுக்கிட்டு அடுத்து என்ன பண்ணணும்னு யோசிச்சது. உன்கிட்ட, டாக்டர்கிட்ட, யார்கிட்டயும் சொல்லாததை எல்லாம் அந்தப் பையன்கிட்ட சொல்ல வேண்டியிருந்துச்சு, அவன் கண்ணு தப்பில்லைன்னு அவன் நம்பறதுக்கு. ரொம்ப நேரம் ஆச்சு. அப்புறம்தான் அழுதான்.

வியாழக்கிழமை பஸ்ல வரேன். ஓமாஹாவுல மாறற பஸ்ஸை கிளீட்டஸ் ஒரு துண்டுக் காகிதத்துல பெருசா எழுதி என் சட்டைப் பையில வச்சிருக்கான். இருந்தாலும் மச்சானை ஸ்டாண்டுக்கு அனுப்பு, அவருக்கும் வெளியில வர ஒரு காரணமாச்சு.

உன் தம்பி,
வெண்டெல்